8085 கிட்டா, ஊனோவா, பைக்கோவா? மைக்ரோபிராசஸர் கத்துக்க எதுல காசு போடறது

மைக்ரோபிராசஸர் அடிப்படையில இருந்து கத்துக்கணும், ஹார்டுவேர் இன்டர்ஃபேஸிங்கும் வேணும், என்ன போர்டு வாங்கலாம்னு எங்க கேட்டாலும் ஒருத்தர் ஆர்டுயினோம்பார் (ஊனோ அதோட பிரபலமான போர்டு), இன்னொருத்தர் 8085ங்கற பழைய இன்டெல் பிராசஸர் தெரியாதவனுக்கு ஒண்ணும் தெரியாதும்பார், மூணாவதா வர்றவர் இந்தக் காலத்துல ஏஆர்எம் (போன்ல எல்லாம் இருக்கற பிராசஸர் வகை, பைக்கோல இருக்கறதும் அதுதான்) தவிர மத்ததெல்லாம் வேஸ்ட்னு சொல்லிட்டு போயிட்டே இருப்பார். மூணு பேர் சொல்றதும் அவங்கவங்க வரைக்கும் சரிதான். ஆனா மூணு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்றாங்க, கேட்டவன் குழம்பிப் போறது அங்கதான்.

ஏன்னா இதுல ரெண்டு கேள்வி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, பிராசஸர் எப்படி வேலை செய்யுது: இன்ஸ்ட்ரக்ஷனை மெமரில இருந்து எப்படி எடுக்குது, அட்ரஸ் எந்த வழியா வெளிய போகுது, டேட்டா எப்ப உள்ள வருது, இன்டரப்ட் (நடுவுல வர்ற அவசரக் குறுக்கீடு) வந்தா எங்க குதிக்குது. இன்னொண்ணு, சிப்புக்கு வெளிய இருக்கறதை எப்படி சேர்க்கறது: சுவிட்ச், ரிலே, மோட்டார், எல்சிடி, சென்சார், எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்ப், எத்தனை மைக்ரோ செகண்ட் காத்திருக்கணும். இப்ப கடையில கிடைக்கற பெரும்பாலான போர்டுல ஃபிளாஷ், ராம், டைமர் எல்லாமே ஒரே சிப்புக்குள்ள போயிடுச்சு, அதனால பஸ், அதாவது அட்ரஸும் டேட்டாவும் போற கம்பிக் கூட்டம், வெளிய ஒரு பின்ல கூட தெரியாது. காலேஜ் லேப்ல இருக்கற ட்ரெய்னர் கிட்ல பஸ் இருக்கு, ஆனா அதுல லாட்ச் (சிக்னலை பிடிச்சு வைக்கற சிப்பு), மெமரி, 8255 (வெளிய இருக்கறதை சேர்க்கற போர்ட் சிப்பு) எல்லாம் ஏற்கனவே சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க, நம்ம வேலை ரிப்பன் கேபிளை சொருகறது மட்டும்தான், அதனால அங்க எலக்ட்ரிக்கல் பக்கம் மறைஞ்சு போகுது. ரெண்டையும் ஒரே போர்டுல நல்லா காட்டற பொருள் எதுவும் இல்லைங்கறது என் அபிப்ராயம், அதனால எது பெஸ்ட்டுனு பாக்காம எதை கண்ணால பாக்கணும்னு முடிவு பண்ணி வாங்கணும்.

முதல்ல 8085. இன்டெல் 1976ல விட்ட சிப், 40 கால் (பின்), ஒரே 5 வோல்ட் சப்ளைல ஓடும் (அதுக்கு முன்னாடி 1974ல வந்த 8080க்கு மூணு விதமான வோல்டேஜ் தேவைப்பட்டுது, 8085 பேர்ல இருக்கற 5 இந்த ஒரே 5 வோல்ட்டால வந்ததுதான்). அம்பது வருஷம் ஆன சிப்பை இன்னும் ஏன் சொல்லித் தர்றாங்கனு சலிச்சுக்கறவங்க நிறைய பேர், சலிப்புல நியாயமும் இருக்கு, ஆனா அதுல இருக்கற ஒரு நல்ல விஷயம் என்னன்னா ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை பேப்பர்ல கடைசி சொட்டு வரைக்கும் பிரிச்சு மேய முடியும். எஸ்டிஏ 4200னு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் எடுத்துக்கங்க, அக்யுமுலேட்டர்ல (பிராசஸர் உள்ள இருக்கற முக்கிய ரெஜிஸ்டர்) இருக்கறதை 4200ங்கற இடத்துல போய் வை அவ்வளவுதான் அர்த்தம். மெமரில இது மூணு பைட்டா உக்காந்திருக்கும், எல்லாமே ஹெக்ஸ் (16 அடிப்படை) எண்: 32, 00, 42. பாருங்க, அட்ரஸோட பின்பாதி முதல்ல வருது, லிட்டில் எண்டியன்னு புக்ல படிச்சு மனப்பாடம் பண்றது இதைத்தான். இப்ப பிராசஸர் முதல்ல 32ஐ (எஸ்டிஏவோட கோடு) எடுக்கும், அதுக்கு 4 டி-ஸ்டேட் (ஒரு டி-ஸ்டேட்னா ஒரு கிளாக் துடிப்பு), அப்புறம் 00ஐ படிக்க 3, 42ஐ படிக்க 3, கடைசியா 4200ல எழுத 3, ஆக மொத்தம் 13. கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ் போட்டிருந்தா உள்ள பாதியாகி 3.072 ஆகும், அப்ப இந்த ஒரு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு நாலேகால் மைக்ரோ செகண்ட் கிட்ட ஆகுது. இதை ஒரு தடவை கையால போட்டுப் பாத்தவனுக்கு கிளாக்னா என்ன, பஸ் சைக்கிள்னா என்ன, டிலே லூப் எப்படி கணக்கு பண்றதுனு எல்லாமே ஒரே அடியில வந்துடும். ஏஆர்எம்ல இந்தக் கணக்கை இவ்வளவு சுத்தமா போட முடியாது, பைப்லைன் இருக்கும், ஃபிளாஷ்க்கு வெயிட் ஸ்டேட் இருக்கும், பெரிய சிப்பா இருந்தா கேஷும் சேரும்.

அப்புறம் 8085ல ஒரு குறும்பு இருக்கு. கால் பத்தலைங்கறதுக்காக அட்ரஸோட கீழ் 8 பிட்டையும் டேட்டாவையும் ஒரே கம்பில மாத்தி மாத்தி அனுப்பும், ஏஎல்ஈனு ஒரு சிக்னல் மேல போகும்போது அது அட்ரஸ், அப்ப 74எல்எஸ்373 லாட்ச் அதை பிடிச்சு வச்சுக்கணும். இது எதுக்கு இவ்வளவு தலைவலினு தோணும், ஆனா நாளைக்கு எஸ்பிஐ (சீரியல் கம்பி வழி) டிஸ்ப்ளேல கமாண்டா டேட்டாவானு சொல்ற கால் ஒண்ணு தனியா இருக்கறதை பாக்கும்போது, எல்சிடில ஆர்எஸ் பின்னை பாக்கும்போது, அடடா அதே கதைதானே இதுனு புரியும்.

இவ்வளவு புகழ்ந்துட்டு 8085 கிட் வாங்குங்கனு சொல்லப் போறேன்னு நெனச்சா, இல்லை. சொந்தமா வாங்காதீங்க. புது ட்ரெய்னர் கிட் பல ஆயிரம் ரூபா ஆகும், ஹெக்ஸ் கீபேடுல ஒவ்வொரு பைட்டா அழுத்தி ஏத்தணும், நிறைய கிட்ல 4100ல இருந்து ப்ரோக்ராம் தொடங்கும், நடுவுல ஒரு பைட் விட்டுப் போச்சுனா அதுக்கு கீழ இருக்கற எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும், பேட்டரி இல்லாத கிட்ல கரண்ட் போனா எல்லாம் காலி. முதல் சில ப்ரோக்ராமுக்கு இது நல்ல பயிற்சி, அதுக்கு மேல விரல் வலிதான் மிச்சம். காலேஜ்லயோ பாலிடெக்னிக்லயோ படிக்கறவங்களுக்கு லேப்ல கிட் சும்மாவே கிடைக்குது, அங்க ரெக்கார்டு நோட்டை நிரப்பறதோட நிறுத்தாம, 8255க்கு கண்ட்ரோல் வேர்டு 80 அனுப்பினா மூணு போர்ட்டும் அவுட்புட் ஆகுதே, அது ஏன்னு ஒவ்வொரு பிட்டா பிரிச்சுப் பாத்துட்டு வாங்க, ஏஎல்ஈ பின்ல ஆசிலோஸ்கோப் புரோபை வச்சுப் பாக்கலாமானு லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட கேளுங்க, நல்ல மனுஷனா இருந்தா விடுவார்.

வீட்ல இருந்து படிக்கறவங்களுக்கு சிமுலேட்டர். ஜிஎன்யூசிம் 8085 மாதிரி இலவசமா இருக்கு, ஒவ்வொரு ஸ்டெப்பா ஓட்டி ரெஜிஸ்டர், ஃபிளாக், மெமரி எல்லாம் பாக்கலாம். ஸ்டாக் எப்படி கீழ் நோக்கி வளருது, சப்ரொட்டீனை கால் பண்ணா ரிட்டர்ன் அட்ரஸ் எங்க போய் உக்காருது, கேரி ஃபிளாக் எதுல மாறும் எதுல மாறாதுனு தெரிஞ்சுக்க கிட்டை விட சிமுலேட்டர்தான் நல்லதுனு கூட சொல்லுவேன், தப்பு பண்ணா பின்னாடி போய் திருத்திக்கலாம். ஆனா சிமுலேட்டர்ல எல்லா கம்பியும் ஒழுங்கா இருக்கும், லூஸ் கனெக்ஷன் கிடையாது, சுவிட்ச் துள்ளாது, சப்ளை இறங்காது. அதனால இன்டர்ஃபேஸிங்கை சிமுலேட்டர்ல கத்துக்கிட்டேன்னு சொல்றது நீச்சலை கரையில கத்துக்கிட்டேன்னு சொல்ற மாதிரி. வோக்வி மாதிரி ஆன்லைன்ல ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, பைக்கோவை ஓட்டிப் பாக்கற சைட்டுக்கும் இதே பேச்சுதான், கோடு சரியா இருக்கானு பாக்க அருமை, அதோட சரி.

பஸ்ஸை நிஜமாவே கண்ணால பாக்கணும்னு வெறி இருக்கறவங்களுக்கு வேற ஒரு வழி இருக்கு, பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம கம்பி சொருகற பலகை) இசட்80யோ 6502வோ, 8085 காலத்து பிராசஸர் ஒண்ணை வச்சு சொந்தமா கம்ப்யூட்டர் கட்டறது. இது எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, ஆனா எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். இசட்80ல ஒரு அழகான சோதனை, நோ ஆபரேஷனோட கோடு 00, அதனால எட்டு டேட்டா கம்பியையும் ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு இழுத்துவிட்டு, மெமரியே இல்லாம, மெதுவா ஒரு கிளாக் கொடுத்தா போதும், பிராசஸர் எங்க பாத்தாலும் சும்மா இருங்கற கட்டளையையே படிச்சுக்கிட்டு அடுத்த அட்ரஸ், அடுத்த அட்ரஸ்னு போயிட்டே இருக்கும், அட்ரஸ் கம்பில எல்இடி போட்டிருந்தா பைனரில எண்ணறது தெரியும். ஒரு வரி ப்ரோக்ராம் எழுதாம ப்ரோக்ராம் கவுன்டரை கண்ணால பாத்தாச்சு. ஆனா சீமாஸ் வகை இசட்80யா பாத்து வாங்கணும், அதுலதான் கிளாக்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். சிக்கல் என்னன்னா சைலாக் கம்பெனி 2024ல அந்த பழைய தனி சிப்பு வகை இசட்80யை நிறுத்தறோம்னு அறிவிச்சு அந்த ஜூன் மாசத்தோட கடைசி ஆர்டர் வாங்கிக்கிட்டாங்க, இப்ப சந்தையில சுத்தறது மிச்சம் இருக்கற ஸ்டாக், கூடவே மேல பேரை அழிச்சு திரும்ப அச்சடிச்ச டூப்ளிகேட்டும் உண்டு.

6502 கதை வேற. 1975ல எம்ஓஎஸ் டெக்னாலஜி அதை 25 டாலருக்கு வித்து எல்லார் வயித்துலயும் புளியைக் கரைச்சாங்க, அதோட சீமாஸ் வாரிசு 65சி02வை டபிள்யூடிசிங்கற கம்பெனி இன்னிக்கும் புதுசா விக்குது, கிளாக்கை எவ்வளவு நேரம் வேணா நிறுத்தி வைக்கலாம், பட்டன் அழுத்தி அழுத்தி ஓட்டலாம். அட்ரஸும் டேட்டாவும் தனித்தனி கம்பி, லாட்ச் தொல்லை இல்லை, அதனால முதல் தடவை கட்டறவங்களுக்கு 8085ஐ விட இது சுலபம். ஆனா செலவை கூட்டிப் பாருங்க: சிப்பு, ராம், ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி), அதை எழுத ப்ரோகிராமர், 65சி22 (போர்ட், டைமர் சிப்பு), நல்ல பிரெட்போர்டு நாலஞ்சு, வயரு. நம்ம ஊருக்கு இந்த சிப்பெல்லாம் பெரும்பாலும் வெளிய இருந்துதான் வரணும், ஷிப்பிங் கஸ்டம்ஸ்னு சேந்தா கை கடிக்கும். நேரமும் பொறுமையும் வேலை பாத்து வர்ற சம்பளமும் இருக்கற ஆளுக்கு சரி, செமஸ்டர் நடுவுல இருக்கற பையனுக்கோ பொண்ணுக்கோ வேண்டாம்.

8051ஐ பத்தி சுருக்கமா. 1980ல வந்த மைக்ரோகன்ட்ரோலர் (பிராசஸர், மெமரி, டைமர் எல்லாம் ஒரே சிப்புல), சிலபஸ்ல இருந்தா படிங்க, இல்லாட்டி தனியா தேடிப் போகத் தேவையில்லை. ஒரு விஷயத்துக்காக மட்டும் அதை தொட்டுப் பாக்கலாம், ஏன் பெரும்பாலான 8051 போர்டுல 11.0592 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு விசித்திரமான கிரிஸ்டல் இருக்குங்கற கேள்விக்காக. அதை 12ஆல வகுத்து, 32ஆல வகுத்து, டைமர்ல 3 எண்ண வச்சா மிச்சம் மீதி இல்லாம 9600 வருது, சீரியல் கம்பில நொடிக்கு அத்தனை பிட் அனுப்பற வேகம், அதுதான் பாட் ரேட். அழகா 12 மெகாஹெர்ட்ஸ் போட்டா 10416 கிட்ட வரும், எதிர்ல இருக்கற கம்ப்யூட்டர் குப்பையா படிக்கும். பாட் ரேட்டுங்கறது ரெண்டு கிளாக்கோட ஒப்பந்தம்னு இதை விட நல்லா புரிய வைக்கற உதாரணம் நான் பாத்ததில்லை.

இப்ப ஆர்டுயினோ ஊனோ. இதை விளையாட்டு சாமான்னு ஒதுக்கறவங்க நிறைய, அவங்க பாக்காம விடறது என்னன்னா மேல இருக்கற மென்பொருள்தான் குழந்தைங்களுக்கு, கீழ இருக்கற சிப்பு முழு நிஜம். ஏடிமெகா 328பி, 16 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ராம், டேட்டாஷீட் ஒரே ஆளா உக்காந்து படிச்சு முடிக்கற அளவுக்கு இருக்கு. 13ஆம் பின்னை டிஜிட்டல் ரைட் போட்டு எரிய வைக்கறது முதல் நாள் வேலை. ரெண்டாவது நாளே அதை தூக்கி எறிஞ்சுட்டு பின்னோட திசையை முடிவு பண்ற டிடிஆர்பி ரெஜிஸ்டர்ல 5ஆவது பிட்டை (அதுதான் 13ஆம் பின்) 1 ஆக்கி, போர்ட்பி ரெஜிஸ்டர்ல அதே பிட்டை மாத்தி எரிய வச்சுப் பாருங்க. டிஜிட்டல் ரைட்டுக்கு சில மைக்ரோ செகண்ட் ஆகும், நேரடியா பிட்டை தொட்டா ரெண்டே கிளாக், அதாவது 0.125 மைக்ரோ செகண்ட். அந்த வித்தியாசம் எங்க போச்சுனு தேடிப் போனாலே, லைப்ரரி உள்ள என்னென்ன பண்ணுது, எந்த டேபிளை பாக்குது, இன்டரப்ட்டை ஏன் கொஞ்ச நேரம் நிறுத்துதுனு ஒரு வாரம் ஓடிடும், காசு செலவே இல்லாம.

இன்டர்ஃபேஸிங்குக்கு ஊனோ நல்லதுனு நான் சொல்றதுக்கு காரணம் அது அடி தாங்கும். ஒரு பின்ல 20 மில்லிஆம்ப் தாராளமா எடுக்கலாம், 40 தான் உச்ச எல்லை. ஆனா அதே தாராளம் நம்மள கெடுக்கவும் செய்யும். 8085 பின் என்ன தரும் தெரியுமா, உள்ள இழுக்கறது 2 மில்லிஆம்ப், வெளிய தள்ளறது வெறும் 0.4. அதனாலதான் பழைய சர்க்யூட்ல எல்லாம் எல்இடியை 5 வோல்ட்ல கட்டி பின் பக்கம் இழுத்து எரிய வச்சாங்க, நடுவுல பஃபர் சிப்பு போட்டாங்க, 0 போட்டா எரியும் 1 போட்டா அணையும்ங்கற தலைகீழ் பழக்கமும் அங்க இருந்து வந்ததுதான். ஊனோல பழகினவன் எந்த பின்லயும் எதையும் கட்டலாம்னு நெனச்சுக்கிட்டு நேரா ரிலே காயிலை கட்டிடறான், சின்ன 5 வோல்ட் ரிலேக்கே 70 மில்லிஆம்ப் கிட்ட வேணும், பின் செத்துப் போகும். டிரான்சிஸ்டரோ யுஎல்என்2003 டிரைவர் சிப்போ நடுவுல வரணும், தனி டிரான்சிஸ்டர்னா காயிலுக்கு குறுக்கே ஒரு 1என்4007 டையோடை தலைகீழா போடணும், இல்லாட்டி காயில் அணையற நேரத்துல திருப்பி அடிக்கற வோல்டேஜ் டிரான்சிஸ்டரை காலி பண்ணிடும். ரிலே மாட்யூல்னு கடையில விக்கறதுல இதெல்லாம் உள்ளேயே இருக்கு, அதனால கத்துக்கற நோக்கத்துல இருக்கறவங்க முதல் ரிலேயை மாட்யூலா வாங்காம தனியா வாங்கி கட்டறது நல்லது.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க, ஆர்3 வகை வாங்கணும், அதுலயும் சிப்பு நீளமா சாக்கெட்ல சொருகி இருக்கற வகை. பின் போச்சுனா சிப்பை மட்டும் பிடுங்கிட்டு வேற போட்டுக்கலாம். 2023ல வந்த ஆர்4 நல்ல போர்டுதான், ஆனா உள்ள இருக்கறது ரெனசாஸ் கம்பெனியோட ஏஆர்எம் சிப்பு (கார்டெக்ஸ் எம்4), மேல சொன்ன டிடிஆர்பி போர்ட்பி எல்லாம் அங்க கிடையாது, ஒரு பின்ல 8 மில்லிஆம்ப் தான் எல்லை. பழைய பாடத்தை பாத்துட்டு அதே மாதிரி கட்டினா கஷ்டம்.

ஊனோவோட குறை என்னன்னா டீபக். சாதாரணமா சீரியல் பிரிண்ட் போட்டுத்தான் பாக்கணும், ப்ரோக்ராமை நடுவுல நிறுத்தி ரெஜிஸ்டரை பாக்கறது சுலபம் இல்லை. வேலைக்கு போகணும்னு இருக்கறவங்க அதனால இங்கயே தங்கிடக் கூடாது, எஸ்டிஎம்32ங்கற ஏஆர்எம் மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போகணும். அங்க முதல் அதிர்ச்சி, எல்இடி எரியாது. கோடு சரி, பின் சரி, ஆனா எரியாது, ஏன்னா அந்த ஜிபிஐஓ (பின்னை ஆட்டற) போர்ட்டுக்கு கிளாக்கே கொடுக்கலை. கரண்டை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு பகுதிக்கும் கிளாக் அணைஞ்சே இருக்கும், ஆர்சிசி ரெஜிஸ்டர்ல போய் நாமதான் தொறந்து விடணும். ரெஃபரன்ஸ் மேனுவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல. பயப்பட வேண்டாம், யாரும் முழுசா படிக்கறதில்லை, தேவையான சாப்டரை தேடி எடுக்கத் தெரியறதுதான் அந்த வேலையில பாதி. ப்ளூ பில்லுனு சின்னதா நீல கலர்ல விலை மலிவா ஒண்ணு கிடைக்கும், 72 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் எம்3, பாத்தா ஆசையா இருக்கும், ஆனா அதுல போலி சிப்பு நிறைய புழங்குது, நம்ம கோடு தப்பா சிப்பு தப்பானு தெரியாம முழிக்கறது புதுசா கத்துக்கறவனுக்கு தேவையா. கொஞ்சம் கூட போட்டு எஸ்டிஎம்32 இருக்கற நியூக்ளியோ போர்டு வாங்கிடுங்க, டீபக்கர் போர்டுலயே இருக்கு.

ராஸ்பெரி பை கம்பெனியோட பைக்கோ 2021 ஜனவரில 4 டாலருக்கு வந்து எல்லா கணக்கையும் மாத்திடுச்சு. ரெண்டு கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர், 264 கேபி ராம், மைக்ரோபைத்தான்லயும் ஓட்டலாம், சி லயும் எழுதலாம், டேட்டாஷீட் படிக்கற மாதிரி எழுதியிருக்காங்க, அது பெரிய விஷயம். இதுல எனக்கு பிடிச்சது பிஐஓங்கற பகுதி. பின்னை ஆட்டறதுக்குனே எட்டு குட்டி ஸ்டேட் மெஷின், மொத்தமே 9 வகை இன்ஸ்ட்ரக்ஷன், ஒவ்வொண்ணும் சரியா ஒரு கிளாக், வேணும்னா டிலே சேத்துக்கலாம். 8085ல டி-ஸ்டேட் எண்ணி டைமிங் போட்டோமே, அதே சுகம் இங்க திரும்ப கிடைக்குது, 125 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல. ரெண்டாவது பைக்கோ 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுல ஏஆர்எம் கோரா ரிஸ்க் ஃபைவ் (யார் வேணா பயன்படுத்தலாம்ங்கற திறந்த இன்ஸ்ட்ரக்ஷன் செட்) கோரானு நாமே தேர்ந்தெடுத்து ஓட்டலாம், ஒரே போர்டுல ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன் செட்டை பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்க விரும்பறவங்களுக்கு இதை விட மலிவா கிடைக்காது. ரிஸ்க் ஃபைவ்னதும் நம்ம ஊர் ஐஐடி மெட்ராஸோட சக்தி பிராசஸரும் சி-டாக்கோட வேகாவும் ஞாபகம் வரும், பெருமைதான், ஆனா முதல் போர்டா எடுத்தா சிக்கின இடத்துல உதவிக்கு ஆள் கிடைக்கறது கஷ்டம், ரெண்டாவது மூணாவது போர்டா பாத்துக்கலாம்.

பைக்கோவோட எச்சரிக்கை ஒண்ணே ஒண்ணு, அது 3.3 வோல்ட் சிப்பு, 5 வோல்ட்டை உள்ள விடக் கூடாது. எல்லாரும் வாங்கற ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 அல்ட்ராசோனிக் சென்சாரோட எக்கோ கால் 5 வோல்ட் தரும், 1கே 2கே ரெண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3க்கு இறக்கித்தான் கொடுக்கணும். இந்த லெவல் ஷிஃப்டிங் பாடம் ஊனோல கிடைக்காது, 5 வோல்ட் உலகத்துலயே இருந்துட்டா இன்னிக்கு வர்ற சென்சார் பாதிக்கு மேல எப்படி கட்டறதுனு தெரியாம போயிடும், அதனாலேயே ஊனோக்கு அப்புறம் ஒரு 3.3 வோல்ட் போர்டு கண்டிப்பா வேணும்.

ஈஎஸ்பி32 பத்தி கேப்பீங்க. வைஃபை வேணும்னா அதை அடிச்சுக்க ஆளில்லை, ஃபைனல் இயர் ப்ராஜக்ட் தேதி நெருங்கிடுச்சுனா கண்ணை மூடிக்கிட்டு அதை வாங்குங்க. ஆனா அடிப்படை கத்துக்க முதல் போர்டா வேண்டாம். கீழ ஃப்ரீ ஆர்டிஓஎஸ்ங்கற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிக்கிட்டே இருக்கும், 34ல இருந்து 39 வரைக்கும் பின் இன்புட் மட்டும்தான், 6ல இருந்து 11 வரைக்கும் ஃபிளாஷ்க்கு போகுது, வைஃபை ஓடும்போது ஏடிசி2ல அனலாக் படிக்க முடியாது, சில பின்னை பூட் ஆகற நேரத்துல இழுத்துப் பிடிச்சா போர்டே கிளம்பாது. இதெல்லாம் அந்த சிப்போட தனிப்பட்ட குணம், மைக்ரோகன்ட்ரோலரோட பொதுவான பாடம் இல்லை, புதுசா வர்றவனுக்கு எது எதுனு பிரிக்கத் தெரியாது. ராஸ்பெரி பை, அதாவது லினக்ஸ் ஓடற பெரிய பை, இந்த பேச்சுலயே வராது, அது கம்ப்யூட்டர், பின் ஆட்டினா நடுவுல லினக்ஸ் வேற வேலைக்கு போயிட்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது.

ஆக யாருக்கு எது. லேப் வசதி இருக்கற மாணவர்களுக்கு, 8085 லேப்லயும் சிமுலேட்டர்லயும், கைக்காசுல ஊனோ ஆர்3, அடுத்த செமஸ்டர்ல பைக்கோ. சாஃப்ட்வேர் வேலையில இருந்துக்கிட்டு கம்ப்யூட்டர் உள்ள என்னதான் நடக்குதுனு அரிப்பு இருக்கறவங்களுக்கு, சிமுலேட்டர்ல ஒரு மாசம், அப்பவும் அரிப்பு அடங்கலைன்னா 65சி02. எம்பெடெட் வேலைதான் குறினா ஊனோவை ரெஜிஸ்டர் லெவல்ல ஓட்டி முடிச்சுட்டு நேரா நியூக்ளியோ, கூடவே சி மொழில பாயின்டர், பிட் ஆபரேஷன், வோலடைல் மூணும் தண்ணி பட்ட பாடா இருக்கணும், இன்டர்வியூல அதுலதான் மடக்குவாங்க.

இதுல எந்த வழியில போனாலும் ரெண்டாவது போர்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டரும், எட்டு சேனல் யுஎஸ்பி லாஜிக் அனலைஸரும் வாங்கிடுங்க. 24 மெகாஹெர்ட்ஸ்னு போட்டு சின்ன பெட்டியா விக்கும், பல்ஸ்வியூங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஓடும். 16க்கு 2 எல்சிடி வேலை செய்யலைன்னா கோடை நூறு தடவை மாத்தறதுக்கு பதிலா எனேபிள் பின்ல புரோபை வச்சுப் பாருங்க, கிளியர், ஹோம் கமாண்டுக்கு அந்த எல்சிடிக்கு 1.52 மில்லி செகண்ட் வேணும், மத்த கமாண்டுக்கு 37 மைக்ரோ செகண்ட் போதும், நீங்க எல்லாத்துக்கும் 40 மைக்ரோ தான் விட்டிருக்கீங்கனு திரையில பளிச்சுனு தெரியும். ஐ2சி (ரெண்டு கம்பில பேசற) சென்சார் பதில் சொல்லலைன்னா ஒன்பதாவது கிளாக்ல அக்னாலெட்ஜ் வருதா, கம்பி மேல ஏறுதா, இல்ல 4.7கே புல்லப் (கம்பியை மேல இழுக்கற ரெசிஸ்டர்) போட மறந்தாச்சானு பாக்கலாம். சுவிட்ச்சை ஒரு தடவை அழுத்தினா எத்தனை தடவை துள்ளுதுனும் இதுலயே தெரியும், அதை பாத்ததுக்கு அப்புறம் டீபவுன்ஸ் (அந்தத் துள்ளலை ஒதுக்கறது) எதுக்குனு யாரும் சொல்லித் தர வேண்டாம். அனலாக் சிக்னலோட வடிவத்தை இது காட்டாது, அதுக்கு ஸ்கோப் வேணும், அது பின்னாடி.

சென்னைல இருக்கறவங்க ரிச்சி தெருவுல ஒரு நடை போயிட்டு வந்தா ஊனோ, எல்சிடி, யுஎல்என்2003, ரெசிஸ்டர், பிரெட்போர்டு எல்லாம் சேத்து வாங்கிடலாம், வெளியூர்னா ஆன்லைன்ல. ரெசிஸ்டரை 330 ஓம், 1கே, 2கே, 4.7கே, 10கே வகைக்கு கொஞ்சம் கூடவே வாங்கிக்கங்க, யுஎஸ்பி கேபிள் டேட்டா போற கேபிள்தானானு கடையிலேயே கேட்டுடுங்க, சார்ஜ் மட்டும் பண்ற கேபிளை மாட்டிட்டு டிரைவர் பிரச்சனைனு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறவங்க ஏராளம்.